இரவல் பெயர்

வியாபார நிமித்தமாகச் சென்ற ஆண்டு நவம்பரில் நாம் டோக்கியோ மாநகரில் ஒன்பது நாள் தங்க நேர்ந்தது. தங்கியது ஷின் ஓகுபோ என்னும் பகுதியில். ஹலால் இறைச்சியும் பருப்பும் மசாலாவும் விற்கும் கடைகள் ஒரே சந்தில் நெருங்கி நிற்கும் இடம் அது. நம்மவர்க்கு அங்கே சாப்பாட்டுக் கவலை இல்லை. அக்கடைகளுள் ஒன்றின் வாயிலில், முதுகில் பெட்டி போன்ற பெரிய பையோடு, சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு நின்ற வங்காளதேச இளைஞர் ஒருவரோடு பேச்சு உண்டாயிற்று. நம் தொப்பியைக் கண்டு அவரே முதலில் ஸலாம் உரைத்தார். அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் நமக்குத் தெரிந்த உடைந்த உருதுவும் போதுமானவையாக இருந்தன. நம்மைச் 'சாச்சா' என்று அழைத்தார். சிறிய தகப்பனாரை நம் வீடுகளில் அழைக்கும் அதே சொல்லை, முன்பின் அறியாத ஒருவர் வாயிலிருந்து அந்நிய நாட்டில் கேட்டபோது மனம் இளகிப்போயிற்று என்பதை மறைப்பானேன்?

அன்று தொடங்கி நாம் புறப்படும்வரை நான்கு முறை அவரோடு தேநீர் அருந்தினோம். அவர் நம்மிடம் கேட்ட ஒரு கேள்விக்கு அங்கே சரியான விடை சொல்லத் தெரியாமல் திரும்பினோம். அதைத்தான் இங்கே வாசகர்முன் வைக்கிறோம்.

அவருடைய தொழில், உணவுக் கடையிலிருந்து சாப்பாட்டை வாங்கி வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது. ஜப்பானில் இது புதிய தொழிலன்று. 'தெமாயே' என்று இதற்கு நெடுநாளாகப் பெயருண்டு. சோபா என்னும் மீ வகையை விற்கும் கடைகளின் பையன்கள், ஒரு கையால் சைக்கிளைப் பிடித்து, மறு தோளில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு தெருவில் பறப்பார்களாம். 1958ஆம் ஆண்டில் ஹோண்டா நிறுவனத்தார் 'சூப்பர் கப்' மோட்டார் சைக்கிளைச் செய்தபோது, அந்தச் சோபாப் பையன் ஒரு கையாலேயே ஓட்டும்படி இருக்கவேண்டும் என்று எண்ணித்தான் கையால் அழுத்தும் கிளட்சை நீக்கினார்கள் என்பது அந்த வண்டியின் சரித்திரத்தில் புகழ்பெற்ற செய்தி. நம் நாட்டுச் சாலைகளில் 'கப்சாய்' என்று ஓடிக்கொண்டிருப்பவை அதன் வழித்தோன்றல்களே.

அந்தப் பையன் கடையின் சிப்பந்தி. சாப்பிட்டவர்கள் கிண்ணத்தைக் கழுவி வாசலில் வைத்துவிடுவார்கள். பையன் மறுபடி வந்து எடுத்துப் போவான். மீ ஆறிப்போயிருந்தால் யாரைக் கேட்பதென்று தெருவுக்கே தெரியும். பையன் யார்மீதாவது மோதிவிட்டாலும் அப்படித்தான். கடையின் பெயர் அவனுக்கு முன்னால் ஓடிற்று.

இப்பொழுது நடப்பது வேறு. கைத்தொலைபேசிச் செயலி வழியாகச் சாப்பாடு அனுப்பும் ஊபர் ஈட்ஸ் 2016 செப்டம்பரில் டோக்கியோவில் தொடங்கிற்று. 2020இல் கொள்ளைநோய் வந்து மக்கள் வீட்டுக்குள் இருந்தபோது இத்தொழில் பெருகிற்று. ஓட்டுநர் கடையின் ஆளுமல்லர், செயலி நடத்தும் நிறுவனத்தின் ஆளுமல்லர். தனி ஒப்பந்தக்காரர் என்பது கணக்கு. ஒரு நடைக்குச் சில நூறு யென் கூலி. மழை பெய்தால் கொஞ்சம் கூடும். 2019 அக்டோபரில் ஓட்டுநர்கள் டோக்கியோவில் ஒரு சங்கம் கண்டனர். 2022 நவம்பரில் டோக்கியோ மாநகரத் தொழிலுறவு ஆணையம், தொழிற்சங்கச் சட்டத்தைப் பொறுத்தவரையில் இவர்கள் தொழிலாளர்களே என்றும், நிறுவனம் இவர்களோடு பேச்சு நடத்தவேண்டும் என்றும் கட்டளையிட்டது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போயிற்று. முதலாளி இருக்கிறாரா இல்லையா என்று தீர்மானிக்கவே ஒரு நாட்டுக்கு இத்தனை ஆண்டு ஆகுமானால், அந்நிய நாட்டுப் பிள்ளையின் கதி என்னவென்று நாமே ஊகிக்கலாம்.

நிற்க. அந்த இளைஞர் ஜப்பானிய மொழி படிக்கும் மாணவர் பாஸில் வந்தவர். அந்நாட்டுச் சட்டப்படி மாணவர் வாரத்துக்கு 28 மணி நேரம் வேலை செய்ய அனுமதி பெறலாம். நீண்ட விடுமுறையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம். சாப்பாட்டுப் பெட்டி அடைக்கும் தொழிற்சாலையிலோ இருபத்துநான்கு மணி நேரக் கடையிலோ நின்றால் மணிக்கணக்கு ஏட்டில் ஏறும். ஆனால் நடைக்குக் கூலி வாங்கும் ஒப்பந்த வேலையில் மணிக்கணக்கை யார் எழுதுவது? ஆகையால் அந்தப் பொது அனுமதியில் இது அடங்காது. தனியாக மனுப்போட்டு அனுமதி பெறவேண்டும். எவ்விதத் தடையுமின்றி ஓட்டக்கூடியவர்கள் நிரந்தரவாசிகள், ஜப்பானியரை மணந்தவர்கள், நீண்டநாள் வாசிகளாக ஏற்கப்பட்டவர்கள் போன்றோரே.

இங்கேதான் இரவல் பெயர் நுழைகிறது. அனுமதி உள்ளவர் தம் பெயரில் கணக்கைத் திறப்பார். அனுமதி இல்லாதவர் அந்தக் கணக்கில் ஓட்டுவார். நம் இளைஞருக்குப் பெயர் கொடுத்தவர் அவருடைய ஊர்ப்பக்கத்துக்காரரே. பல ஆண்டுகளுக்குமுன் வந்து அங்கேயே மணம் செய்துகொண்டவர். பணம் அவருடைய வங்கிக்குப் போகும். நூற்றுக்கு இருபது எடுத்துக்கொண்டு மீதியை வெள்ளிக்கிழமை கொடுப்பார். சில வெள்ளிக்கிழமைகளில் கொடுக்கமாட்டார். யாரிடம் முறையிடுவது?

ஊரில் தரகனுக்குக் கட்டிய பணத்துக்கு நிலம் அடமானத்தில் இருக்கிறது. பள்ளிக் கட்டணம் ஒருபக்கம், தாயாரின் மருந்துச் செலவு ஒருபக்கம். தொழிற்சாலையில் 28 மணி நேரக் கூலி இவற்றுக்குப் பாதிகூடப் போதவில்லை. இதைச் சொல்லிவிட்டு அவர் கேட்டார்: "சாச்சா, நான் திருடவில்லை. வாங்கிய சாப்பாட்டைச் சிந்தாமல், சூடு ஆறாமல் கொடுக்கிறேன். சாப்பிடுபவருக்கு நஷ்டமில்லை, கடைக்காரருக்கும் இல்லை. பெயர் மட்டும் என்னுடையதில்லை. இதில் என்ன பாவம்?"

வாசகர்கள் பலர் முதலில் வேறொன்றை நினைப்பார்கள்: பன்றி எலும்புச் சாற்றில் செய்த ராமெனும் பீரும் அந்தப் பையில் போகுமே, அதற்கென்ன? நாமும் அதைத்தான் முதலில் கேட்டோம். தெரிந்தவரையில் அத்தகைய கடைகளின் நடையை மறுத்துவிடுவதாகவும், ஆனால் கட்டிய பைக்குள் இருப்பதெல்லாம் தமக்குத் தெரியாதென்றும் சொன்னார். அது ஆலிம்களிடம் கேட்கவேண்டிய மஸ்அலா. அதற்குள் நாம் போகவில்லை. நம் மனத்தை உறுத்தியது பெயர் விஷயமே.

சட்டத்துக்கு விரோதம் என்று சொல்லி விட்டுவிடலாம். அது உண்மையுந்தான். அனுமதியின்றி ஓட்டுபவர் பிடிபட்டால் நாடு கடத்தப்படலாம். சட்டவிரோத வேலைக்குத் துணைபோனவர்க்கு 3 ஆண்டு சிறையோ 30 இலட்சம் யென் அபராதமோ என்றிருந்ததை, 5 ஆண்டு, 50 இலட்சம் என்று உயர்த்த 2024இல் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். 2021 ஜூனில் ஒரு பெரிய நிறுவனத்தின்மீதே டோக்கியோ காவல்துறை இத்தகைய குற்றச்சாட்டை வழக்கறிஞர் அலுவலகத்துக்கு அனுப்பியது. ஆனால் அவர் கேட்டது சட்டத்தையன்று. விருந்தாளி வீட்டுக்காரரின் ஒழுங்குக்கு இணங்கவேண்டும் என்று சொன்னோம். "வீட்டுக்காரருக்கு என் கால் தேவைப்படுகிறது, சாச்சா, என் பெயர்தான் வேண்டாம்" என்றார். 2024 அக்டோபர் இறுதிக் கணக்குப்படி ஜப்பானில் 23 இலட்சம் வெளிநாட்டார் வேலை செய்கின்றனர். அவர்கள் ஒருநாள் நின்றுவிட்டால் அந்நகரத்தில் எத்தனை கடை அடைபடும் என்பதையும் நினைக்கத்தான் வேண்டும்.

மேலும், நாம் யார் கல்லெறிய? 1953க்குப் பின் மலாயாவில் குடிநுழைவுச் சட்டம் இறுகியபோது, மாமன் மகனைத் தன் மகன் என்று எழுதி அழைத்துவந்த கதைகளைப் பெரியவர்கள் வாயால் நாம் கேட்டிருக்கிறோம். இன்றும் உரிமம் ஒருவர் பெயரிலும் கல்லாப்பெட்டி வேறொருவர் கையிலுமாக நடக்கும் கடைகள் நம் கண்ணில் படாமல் இல்லை. மாதம் ஒரு தொகை வாங்கிக்கொண்டு கடைப்பக்கமே வராத உரிமக்காரர்களை நமக்குத் தெரியும். அதையெல்லாம் சாமர்த்தியம் என்று பேசிவிட்டு, டோக்கியோவில் சைக்கிள் மிதிக்கும் பிள்ளைக்கு உபதேசம் செய்வது எப்படி?

ஆயினும் வியாபாரிகளாகிய நமக்கு ஒரு வேற்றுமை தெரிந்திருக்க வேண்டும். பெயரைக் கடன் கொடுப்பது நம் தொழிலில் பழைய வழக்கமே. புதிதாகக் கடை வைப்பவனுக்கு மொத்த வியாபாரி சரக்குக் கொடுக்கத் தயங்கினால், நம்மில் ஒருவர் போய், "பையன் நம்ம ஆள், கொடுங்கள், நானாச்சு" என்பார். அங்கேயும் ஒருவர் பெயரில் மற்றொருவர் பிழைக்கிறார். ஆனால் ஜாமீன் நிற்பவர் தம் பெயரைக் கொடுக்கும்போதே, பையன் தவறினால் நான் கட்டுகிறேன் என்று பாரத்தையும் தம் தலையில் ஏற்றிக்கொள்கிறார். டோக்கியோக்காரர் செய்தது அப்படியா? லாபத்தில் இருபது அவருக்கு, கேடு முழுதும் பிள்ளைக்கு. விபத்து நேர்ந்தால் பதிவு செய்த பெயரைத்தான் காப்புறுதி அறியும். உடைந்த எலும்பு யாருடையது என்பதை அது அறியாது. பதிவுக்காரரோ, என் தொலைபேசியை எவனோ எடுத்துவிட்டான் என்று சொல்லிவிடுவார். இரவல் வாங்கியவரைவிட இரவல் கொடுத்தவரே பெரிய குற்றவாளி என்பது நம் துணிபு. வாங்கியவரிடம் பசி இருந்தது. கொடுத்தவர் அந்தப் பசியை வாடகைக்கு எடுத்தார். அதுவும் தாம் வந்த புதிதில் அதே பசியோடு நின்றவர்.

இவ்வளவையும் மூன்றாவது சந்திப்பில் அவரிடம் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, அதுவரை மறைத்திருந்த ஒன்றைச் சொன்னார்.

இரண்டு மாதத்துக்குமுன் ஒரு மாலை. மழை. அந்நகரத்தில் பெரும்பாலான தெருக்களுக்குப் பெயர் கிடையாது. வட்டாரம், மனை, கட்டடம் என்று எண்களை வைத்தே வீட்டைக் கண்டுபிடிக்கவேண்டும். எண்ணைத் தேடிக்கொண்டு திரும்பியவர், சந்திலிருந்து குடையோடு வந்த ஒரு முதியவர்மீது சைக்கிளின் கைப்பிடியால் இடித்துவிட்டார். முதியவர் விழவில்லை, சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார். குடை காற்றில் போயிற்று. எதிர்க்கடைப் பெண் ஓடிவந்தார். விபத்து நேர்ந்தால் நின்று, அடிபட்டவரைக் கவனித்து, காவலரிடம் சொல்லவேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம், சைக்கிளுக்கும் அதுவே. நம் இளைஞர் இறங்கினார், குனிந்தார். அந்தப் பெண் கைத்தொலைபேசியை எடுப்பதைக் கண்டதும், உம் பெயர் என்ன என்று இனிக் கேட்பார்கள் என்பது அவருக்கு உறைத்தது. சொல்வதற்கு அவரிடம் பெயர் இல்லை. சைக்கிளில் ஏறி மிதித்துப் போய்விட்டார்.

சாப்பாட்டை நேரத்தில் சேர்த்தார். அதற்கு நல்ல மதிப்பெண்ணும் வந்தது. அது மற்றவர் பெயரில் ஏறிற்று.

அன்றுமுதல் நடை இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் அந்த மூலை வழியாகவே போகிறார். முதியவரை ஒருநாளும் காணவில்லை. மருத்துவமனையில் இருக்கிறாரா, வீட்டில் நலமாக இருக்கிறாரா, மவுத்தாகிவிட்டாரா என்பது தெரியவில்லை. "என் பெயரில் ஓட்டியிருந்தால் நான் நின்றிருப்பேன் சாச்சா. அல்லாஹ் அறிவான், நான் ஓடுகிற ஆளில்லை" என்றபோது அவர் கை நடுங்கிற்று.

அவரது முதல் கேள்விக்கு விடை அப்பொழுதுதான் நமக்குப் புலப்பட்டது. சாப்பிடுபவருக்கும் கடைக்காரருக்கும் நஷ்டமில்லை என்று அவர் போட்ட கணக்கு, எல்லாம் ஒழுங்காக நடக்கும் நாளைக்குச் சரி. பெயர் என்பது அந்த நாளைக்கு வேண்டியதன்று. சரக்கு கெட்டுப்போன நாளில், எடை குறைந்த நாளில், ஒருவர் மழையில் உட்கார்ந்துவிட்ட நாளில், "நான்தான்" என்று சொல்வதற்கு வேண்டியது. அதை இரவல் வாங்கியவர் எவ்வளவு நல்லவரானாலும், நிற்கவேண்டிய இடத்தில் நிற்க வழியில்லாதவராகிவிடுகிறார். நல்லவராக இருக்கும் வசதியை அவரிடமிருந்து பறித்துவிட்டு அதற்கு நூற்றுக்கு இருபது வாங்கினார் ஒருவர். அந்த வசதியைத் தராத சட்டத்தையும் நாம் முழுக்க மன்னிக்கத் தயாரில்லை. ஆனால் சுவரோரம் உட்கார்ந்த முதியவர் அந்தச் சட்டத்தை இயற்றியவரல்லர்.

புறப்படுவதற்கு முதல்நாள் இரவு அவரைக் கடைசியாகச் சந்தித்தோம். அந்த மூலைக்குச் சற்றுத் தூரத்தில் 'கோபான்' என்னும் சிறிய காவல் கூடம் ஒன்று உண்டு. ஜப்பானில் வட்டாரந்தோறும் அப்படி இருக்கும். அங்கே போய் உண்மையைச் சொல்லிவிடுங்கள் தம்பி, முதியவரின் நிலையையாவது அறியலாம் என்றோம். அதன் விலை என்னவென்று நமக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்: படிப்பு, பாஸ், ஊரில் அடமான நிலம். அவர் மறுக்கவில்லை. தேநீர்க் கோப்பையைச் சுற்றிச் சுற்றித் திருப்பிக்கொண்டிருந்தவர் ஒன்றே கேட்டார்: "நாளைக் காலையில் போகிறேன். நீங்கள் கூட வருவீர்களா, சாச்சா?"

காலை பத்து மணிக்கு நமக்கு விமானம். பயணச்சீட்டை மாற்றப் பணம் இல்லாமலில்லை. பினாங்கில் சரக்கு இறங்கும் நாள் அது, கட்டாயம் இருக்கவேண்டும் என்று சொன்னோம். அவர் தலையசைத்து, நம் பயணம் நலமாக அமைய துஆச் செய்தார். அவர் போனாரா என்பது இன்றுவரை நமக்குத் தெரியாது. அவருடைய தொலைபேசி எண்ணைக் குறித்துக்கொள்ளவும் நாம் மறந்துவிட்டோம். பெயரைக்கூட முழுதாகக் கேட்டுக்கொள்ளவில்லை.