சாவா மூவாப் பேராடு

வைகாசி விசாகத்தில் திருவவதரித்த ஸ்வாமி நம்மாழ்வாரை ஸேவிக்கவும், ஐந்தாம் திருநாளில் ஒன்பது கருடஸேவையைக் கண்குளிரக் காணவும் திருக்குருகூரிலே திரளும் அடியார்கள், தாம் காணும் தீபமும் தளிகையும் திருமாலையும் எவருடைய உபயம் என்று விசாரிப்பதில்லை. விசாரிக்க வேண்டுவதுமில்லை. ஆயினும் அவற்றுள் பலவற்றின் பின்னே, என்றோ ஒருவர் பொருளை வைக்க, என்றோ இருந்த சபையார் அதைப் பெற்றுக்கொண்டு கொடுத்த வாக்கு ஒன்று நிற்கிறது. பொருள் வைத்தவர் பரமபதித்துவிட்டார். வாக்களித்த சபையாரும் இன்றில்லை. அவ்வாக்கு யாரைச் சேர்ந்தது?

கைகேயிக்கு இரண்டு வரங்களை அளித்தவர் தசரத சக்ரவர்த்தி. அளித்தபோது இராமபிரானை எவரும் கேட்கவில்லை. அவர் அதற்குச் சாட்சியுமல்லர். வனம் புகுந்தவரோ அவர். "இது நான் கொடுத்த வாக்கன்று" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அயோத்தியில் குறை கூறுவார் இருந்திருக்கமாட்டார். தசரதரே உள்ளம் குளிர்ந்திருப்பார். தந்தையின் ஸ்தானத்துக்கு உரியவர் தந்தையின் கடனுக்கும் உரியவர் என்று கொண்டதனால் அன்றோ அவர் மரவுரி தரித்தார்!

ஆழ்வாரும் இவ்வழியையே காட்டியருளினார். பதினான்காம் நூற்றாண்டில் பாண்டிநாட்டில் நேர்ந்த படையெடுப்புக் கலக்கத்தில், ஆழ்வாரின் அர்ச்சாமூர்த்தி திருநகரியை விட்டு எழுந்தருள நேர்ந்தது. மலைப்பள்ளத்தில் மறைத்து வைக்கப்பட்டிருந்த ஆழ்வாரைச் சங்கிலியில் இறங்கி மீட்ட தோழப்பர் என்னும் பாகவதர், ஆழ்வாரை மேலே ஏற்றிவிட்டபின் சங்கிலி அறுந்து தம் உயிரை இழந்தார் என்றும், தகப்பனாரை இழந்து கலங்கிய அவர் குடும்பத்துக்கு ஆழ்வார் தாமே தோழப்பராய் நிற்பதாக அருளினார் என்றும் குருபரம்பரை வரலாறு கூறும். கைங்கர்யம் செய்தவர் மறைந்ததும் கணக்குத் தீர்ந்தது என்று ஆழ்வார் எண்ணவில்லை.

இனிச் சபையார் செய்தியைப் பார்ப்போம். இதே பொருநைக் கரைச் சீமையில், திருச்செந்தூர்க் கோயிலில் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்த வரகுண பாண்டியரின் கல்வெட்டு ஒன்று உண்டு. (முருகன் கோயில் சாசனத்தை வைணவ மலரில் எடுப்பானேன் என்பார்க்கு, தர்மம் எங்கே எழுதப்பட்டிருப்பினும் தர்மமே.) திருவாராதனச் செலவுக்காக 1,400 காசுகளை அரசன் கொடுத்தான். அக்காசுகள் முத்துக்குப் பெயர்போன கொற்கை, ஒன்பது கருடஸேவைக்கு எழுந்தருளும் எம்பெருமான்களில் ஒருவரான விஜயாசனப் பெருமாளின் வரகுணமங்கலம் முதலான ஊர்களில் பகிர்ந்து வைக்கப்பட்டன. முதலை அழிக்கலாகாது, ஒரு காசுக்கு ஆண்டுதோறும் இரண்டு கலம் நெல் பொலிசையாக அளக்க வேண்டும். வட்டியைக் காசாகக் குறிக்காமல் நெல்லாகக் குறித்தது கவனிக்கத்தக்கது. காசின் மதிப்பு இறங்கினாலும் பெருமாள் தளிகைக்கு வேண்டிய அரிசி குறையாதன்றோ!

நந்தாவிளக்குக்கு ஆடு விட்ட சாசனங்கள் இன்னும் அழகியவை. சோழநாட்டில் ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடுகளை இடையர்வசம் ஒப்புவிப்பர். அவர் நாள்தோறும் உழக்கு நெய் அளப்பர். அவ்வாடுகளுக்குச் சாசனம் இட்ட பெயர் "சாவா மூவாப் பேராடு". ஆடு மூக்கும், சாகும். இதை அறியாதவரா எழுதினார்? கிழ ஆடு கழிந்தால் குட்டி அவ்விடத்தை நிரப்பும். தொகை குறையலாகாது என்பதே கருத்து. தர்மகர்த்தர் சபையும் அத்தகையதே. அங்கத்தினர் மாறுவர், சபை மாறுவதில்லை. அன்னதான சமிதிக்கும், வேதபாடசாலைக்கும், பஜனை சபைக்கும் இதுவே முறை.

"காலம் மாறிவிட்டதே! 1950-ல் வைத்த நூறு ரூபாயின் வட்டியில் இன்று எத்தனை நாள் விளக்கேற்றுவது?" என்று கேட்பர். நியாயமான கேள்விதான். வட்டி போதவில்லையெனில் வைத்தவரின் வம்சத்தாரைத் தேடி அழைத்து, கணக்கை முன்வைத்து, கூடுதல் பொருள் கேட்கலாம். ஆளில்லையெனில் சிறு கட்டளைகள் பலவற்றை ஒரே நாளில் சேர்த்து, எல்லாப் பெயர்களையும் படித்து நடத்தலாம். பொது நிதியிலிருந்து குறையை நிரப்பலாம். தகாதது ஒன்று உண்டு: பழைய ஏட்டை ஓசையின்றி மூடிவிட்டு, அதே நாளைப் பெருந்தொகைக்கு மற்றொருவர் பெயரில் எழுதிக்கொள்வது. கணவனின் திதியன்று விளக்கெரிய வேண்டும் என்று தன் சிறுவாட்டுக் காசைக் கொடுத்துப் போன மூதாட்டி வந்து வழக்காடப் போவதில்லை. நீதிமன்றங்கள் மைனராகக் கருதும் பெருமாளும் வாய் திறவார். ஆனால் புதிதாகப் பொருள் கொடுப்பவர் ஊமையல்லர், குருடருமல்லர். தமக்குமுன் கொடுத்தவரின் பெயர் எப்படி மறைந்தது என்று கண்டபின், தம் பெயர் எத்தனை நாள் நிற்கும் என்று அவர் எண்ணமாட்டாரா?

பதினான்கு ஆண்டுகள் பாதுகையை முன்னிட்டு நாட்டைக் காத்த பரதாழ்வான், இராமபிரான் மீண்டபோது பொக்கிஷத்தையும் நெற்களஞ்சியத்தையும் பதின்மடங்காக்கிக் காட்டி ஒப்புவித்தான் என்கிறார் வால்மீகி பகவான். கணக்குக் கேட்டவர் எவருமில்லை.

தானம் கொடுத்த மன்னர்களோ, தமக்குப்பின் இந்தத் தர்மத்தைக் காப்பவரின் ஸ்ரீபாதம் தம் தலைமேல் என்று எழுதிவைத்தார்கள். வரப்போகும் தர்மகர்த்தரை முடிசூடிய மன்னன் முன்கூட்டியே வணங்கிவிட்டான்! பெருமாள் கோயில் சாசனங்கள் பலவற்றில் இறுதியில் "ஸ்ரீவைஷ்ணவ ரக்ஷை" என்றிருக்கும். அரசர் காவல் என்றில்லை, அதிகாரிகள் காவல் என்றுமில்லை. பிராகாரத்தை வலம் வரும் அடியார்களின் காவலிலேயே அது விடப்பட்டது. திருவிழா முடிந்து ஊர் திரும்பும் அன்பர்கள், தத்தம் ஊர்ச் சந்நிதியில் பாட்டனார் வைத்த கட்டளை நடக்கிறதா என்று ஒருமுறை போய்க் கேட்கலாம்; ஏட்டைக் காட்டும்படியும் வேண்டலாம்.