உறைநிலைக் கருவும் இல்லறத்தார் அறமும்

பிறப்பு மூவகைப்படும் என்பது நம் ஆகமம் கூறும் செய்தி. சம்மூர்ச்சனப் பிறப்பு, தாய்வயிற்றில் உருவாகும் கர்ப்பப் பிறப்பு, தேவரும் நரகரும் எய்தும் உபபாதப் பிறப்பு என்பன அவை. உயிர் வந்து பொருந்தும் இடமாகிய யோனியை ஒன்பது வகையாகப் பகுக்கும் உமாஸ்வாமி ஆசாரியர், குளிர்ந்தது, வெப்பமானது, இரண்டும் கலந்தது என்னும் மூன்றனையும் அவற்றுள் வைத்துத் தத்துவார்த்த சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயத்தில் எண்ணுகின்றார். இவற்றை இளமையில் மனப்பாடம் செய்த நம்மில் எவரும், சுழிக்குக் கீழே 196 டிகிரி செல்சியஸ் குளிரில், திரவ நைட்ரஜனுள், ஒரு மனிதக் கரு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கும் என்று எண்ணியதில்லை.

இன்று மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் அடையாற்றிலும் வாழும் நம் குடும்பங்கள் சிலவற்றில் இது வீட்டுச் செய்தி ஆகிவிட்டது. மயிலையில் வாழும் சிராவகி ஒருவர் அண்மையில் நம்மிடம் கேட்டார்: “எங்களுக்கு நான்கு கருக்களை உறையவைத்திருக்கிறார்கள். ஒன்றை இம்மாதம் வைக்கப்போகிறார்கள். மற்ற மூன்றும் உயிர்தானா, அல்லவா? தருகின்ற மாத்திரைகள் நாம் உட்கொள்ளத் தக்கவையா? யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.” இவ்வினாக்களைத் தட்டிக்கழிப்பது முறையாகாது. நம் சமயம் நீர்த்துளிக்குள்ளும் உயிரைத் தேடிய சமயம். கருவைப் பற்றி வாய் திறவாதிருத்தல் அதற்கு அழகன்று.

முதலில் இம்முறையின் வரலாற்றைச் சிறிது அறிதல் நலம். பலர் இதனை மேல்நாட்டுச் சரக்கு என்று கருதுகின்றனர். உண்மையில் உறையவைத்த கருவினின்று குழவி பிறந்தது முதன்முதலில் நம் நாட்டிலேயே. கல்கத்தாவில் டாக்டர் சுபாஷ் முகர்ஜி, எட்டு உயிரணு நிலையில் இருந்த கருவை 53 நாட்கள் உறைநிலையில் வைத்துப் பின் தாயின் கருப்பையில் சேர்த்தார். 1978 அக்டோபர் 3-ஆம் நாள் துர்கா என அழைக்கப்பெற்ற பெண்மகவு பிறந்தது. முட்டைகளைப் பெருக்க மருந்து தந்த அதே மாதத்தில் கருப்பை கருவை ஏற்கும் பக்குவத்தில் இராது, ஆகவே பிறிதொரு மாதத்தில் சேர்த்தலே தக்கது என்று அவர் கருதினார். அரசு அமைத்த குழு அவர் சொல்லை நம்பவில்லை. மனமுடைந்த அவர் 1981-இல் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டார். 1997-இல் டாக்டர் டி. சி. ஆனந்தகுமார் என்னும் அறிவியலார் அவருடைய குறிப்பேடுகளை ஆராய்ந்து அவர் செய்ததை உலகறியச் செய்தார். 1986-இல் மும்பையில் பிறந்த சோதனைக்குழாய்க் குழந்தைக்குக் காரணமானோரில் அவரும் ஒருவர். தமக்குரிய முதன்மைப் புகழைத் தாமே பிறர்க்கு விட்டுக்கொடுத்தார். பரிக்கிரகம் பொருளில் மட்டுமன்று, புகழிலும் உண்டு. அதைத் துறந்தவரை நாம் ஜைனரல்லாரிடையேயும் காண்கிறோம்.

நம் சென்னையில், நுங்கம்பாக்கம் ஜி.ஜி. மருத்துவமனையில், டாக்டர் கமலா செல்வராஜ் அவர்களின் முயற்சியால் 1990-இல் தென்னாட்டின் முதல் சோதனைக்குழாய்க் குழந்தை பிறந்தது. அதன்பின் இத்துறை இந்நகரில் வேரூன்றிவிட்டது.

கருவை மாற்றுதல் என்றவுடன் சிலர்க்கு வர்த்தமானர் வரலாறு நினைவுக்கு வரலாம். தேவானந்தையின் வயிற்றினின்று திரிசலையின் வயிற்றுக்கு அரிநைகமேசி என்னும் தேவன் கருவை மாற்றினான் என்பது சுவேதாம்பரர் கொள்கை. திகம்பர மரபினராகிய நாம் அதனை ஏற்பதில்லை. ஆதலின் அதைக் காட்டி இச்சிகிச்சைக்கு நியாயம் தேடுவது நமக்குப் பொருந்தாது. நியாயத்தை நம் விரதங்களுக்குள்ளேயே தேடுவோம்.

சிகிச்சை மாதத்தில் நிகழ்வது இது. மாதவிலக்கின் இரண்டாம் அல்லது மூன்றாம் நாள் ஸ்கேன் எடுத்துக் கருப்பையும் சூலகமும் அமைதியாக உள்ளனவா என்று பார்க்கின்றனர். பின்னர் ஈஸ்ட்ரடையால் மாத்திரை நாள்தோறும் இரண்டு அல்லது மூன்று வேளை. ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு நாட்கள் சென்றபின் மீண்டும் ஸ்கேன். கருப்பையின் உட்படலம் 7 அல்லது 8 மில்லிமீட்டர் அளவுக்கேனும் வளர்ந்து, மூன்று கோடுகளாகத் தெரிய வேண்டும். வளராவிடில் மருந்தின் அளவு கூடும், நாட்கள் நீளும், சிலபோது அம்மாதமே கைவிடப்படும். படலம் பக்குவமானதும் புரோஜெஸ்டரோன் தொடங்குகிறது. ஐந்தாம் நாள் கருவாயின், அம்மருந்து தொடங்கி ஐந்து நாட்கள் நிறைந்தபின் கருவைச் சேர்க்கின்றனர். ஒருவேளை மருந்து தவறினாலும் கணக்குப் பிழைபடக்கூடும். ஏறத்தாழ இரண்டு வாரத்தில் இரத்தப் பரிசோதனை. கரு தங்கினால் பத்து அல்லது பன்னிரண்டு வாரம் வரை மருந்து தொடர்கிறது.

தாமாகவே முட்டை முதிரும் பெண்களுக்கு, மருந்தைக் குறைத்து இயற்கைச் சுழற்சியைக் கண்காணித்தே கருவைச் சேர்க்கும் முறையும் உண்டு. அதில் ஸ்கேனும் பரிசோதனையும் மிகுதி, மாத்திரை குறைவு. முழுவதும் மருந்தால் நடத்தும் சுழற்சியில் பேறுகால இரத்த அழுத்த நோய் சற்று மிகுதியாகக் காணப்படுவதாக ஆய்வுகள் கூறுகின்றன. ஆகவே எம்முறை தமக்குத் தக்கது என்று மருத்துவரிடம் வினவுதல் தம்பதியரின் உரிமை.

இனி மருந்துகளைப் பார்ப்போம். புரோஜெஸ்டரோனை 1934-இல் முதன்முதல் தூய நிலையில் பிரித்தெடுத்தபோது, ஆயிரக்கணக்கான பெண் பன்றிகளின் சூலகங்களைப் பிழிந்து சில மில்லிகிராமே பெற்றனர். 1940-களில் ரஸ்ஸல் மார்க்கர் என்னும் வேதியியலார் மெக்சிகோ நாட்டுக் காட்டுக் கிழங்கொன்றிலிருந்து அதனை ஆக்கும் வழி கண்டார். கந்தமூலத்தை விலக்கும் நமக்கு அக்கிழங்கும் முழு நிறைவு தராது. எனினும் ஐம்புலன் உயிரின் கொலைக்கும் கிழங்கு அகழ்தலுக்கும் உள்ள தூரத்தை நாம் அறிவோம். இன்று சோயா முதலிய பயிர்களின் பொருட்களிலிருந்தே பெரும்பாலும் ஆக்குகின்றனர். இச்சிகிச்சையில் வழக்கமாகத் தரும் ஈஸ்ட்ரடையாலும் அவ்வாறே. சினைக் குதிரைகளின் சிறுநீரிலிருந்து எடுக்கும் ஈஸ்ட்ரஜன் வகை ஒன்றும் உண்டு. அது வேறு மருந்து, கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

மருந்தைவிட மருந்தின் உறையே நமக்குத் தடை. புரோஜெஸ்டரோன் பெரும்பாலும் மென்மையான ஜெலட்டின் உறையில் வருகிறது. ஜெலட்டின், மாடு அல்லது பன்றியின் எலும்பிலும் தோலிலும் இருந்து எடுப்பது. மாற்றாகக் களிம்பு வடிவும் ஊசி வடிவும் உள்ளன. சில ஊசிகளில் மருந்தைக் கரைத்திருப்பது நம் எள்ளெண்ணெயில்தான். இரத்தம் உறையாதிருக்கச் சிலர்க்குத் தரும் ஹெப்பாரின் வகை ஊசி பன்றியின் குடற்சவ்விலிருந்து வருவது. அது எல்லோர்க்கும் வேண்டுவதன்று. உண்மையிலேயே வேண்டுமென்று மருத்துவர் கூறினால், தாயும் கருவுமாகிய ஐம்புலன் உயிர்களைக் காத்தற்பொருட்டு அதனை ஏற்பதும், பின் பிராயச்சித்தம் செய்துகொள்வதும் இல்லறத்தார்க்குத் தகும் என்பது நம் கருத்து. தகாதது ஒன்றுண்டு: மருத்துவர்க்குத் தெரியாமல் மருந்தை நிறுத்திவிட்டு, ஆசாரம் காத்தோம் என்று மகிழ்வது. அங்கே காக்கப்பட்டது எது?

இரவுண்ணா விரதம் பூண்டோர்க்கும் ஒரு சொல். நாளுக்கு இருவேளை மருந்தாயின் சூரியோதயத்துக்குப் பின்னும் அத்தமனத்துக்கு முன்னும் வைத்துக்கொள்ளச் சென்னையின் பகற்பொழுது பெரும்பாலும் இடந்தரும்; முன்கூட்டியே சொன்னால் மருத்துவரும் இசைவர். மூவேளை எனில் மருந்தளவில் தளர்வு கொள்க. பிறப்புறுப்பின் வழியே வைக்கும் மருந்து உண்ணுதல் ஆகாது. தசலட்சண நாட்களில் இச்சுழற்சி வந்தால் அவ்வாண்டு உபவாசத்தை வீட்டில் பிறர் ஏற்கட்டும். புரதம் வேண்டும், முட்டை உண்ணுங்கள் என்று கூறும் அறிவுரைக்கு மட்டும் அஞ்ச வேண்டா. துவரையும் உளுந்தும் பாலும் தயிரும் நம் அடுக்களையில் உண்டு.

இனி அந்த மூன்று கருக்கள். அவை உயிரோ அல்லவோ என்பதற்கு ஆகமத்தில் நேர்விடை தேடினால் கிடைக்காது. இந்நிலையை அந்நாளில் எவரும் கண்டதில்லை. ஆயினும் வழி இருக்கிறது. களஞ்சியத்து நெல் வளர்வதில்லை, ஆனால் முளைக்க வல்லது. ஆகவே முனிவர் அதனை மிதிக்கவும் அஞ்சுவர். உருக்கியபின் மீண்டும் பிளந்து வளரும் கருவை, நெல்லினும் கீழாகக் கருத நமக்கு எவ்வழியும் இல்லை. ஐயம் உள்ள இடத்தில் உயிர் உண்டெனக் கொண்டு நடத்தலே நம் முன்னோர் காட்டிய நெறி. நீரை வடிகட்டிக் குடித்தனர். வடிகட்டியதோடு நில்லாது, துணியில் தங்கியதை எடுத்த நீர்நிலையிலேயே மீண்டும் மெல்ல விட்டனர். கண்ணுக்குத் தெரியாதவற்றுக்கு இவ்வளவு செய்தவர் மரபில், கண்ணாடிக்குழலில் பெயரெழுதி வைத்த கருவுக்கு நாம் செய்வது என்ன?

இம்சை என்பது உயிர் நீங்குதல் மட்டுமன்று. பிரமாதத்தால், அதாவது கவனக்குறைவாலும் ஆசையாலும், உயிர் நீங்கச் செய்தல். இவ்விலக்கணமே இங்கு நமக்குத் துணை. எல்லாக் கவனமும் செலுத்தியும் உருக்கும்போது ஒரு கரு பிழைக்கவில்லை, சேர்த்தும் தங்கவில்லை எனில், அதனைத் தம்பதியர் செய்த கொலை என்று எவரும் கூறலாகாது. இயற்கையிலும் தாய் அறியாமலே பல கருக்கள் நீங்குகின்றன. ஆனால் எத்தனை ஆக்குகின்றனர் என்று கேளாமலே ஒப்பமிட்டு, ஒரு குழந்தை பிறந்தபின் மற்றவற்றை மறந்து, ஆண்டுக் கட்டணம் கட்டாமையால் அவை அழிய விடுவது பிரமாதமே. அதே மாதத்தில் நேரம் தவறாமல் மாத்திரை உண்ட கவனம், அடுத்த ஆண்டில் எங்கே போயிற்று?

2021-ஆம் ஆண்டுச் சட்டம் கருவை 10 ஆண்டுகளுக்கு மேல் வைத்திருக்க இடந்தரவில்லை. அக்கெடு முடிந்தால் அழிய விடலாம், அல்லது தம்பதியர் இசைந்தால் பதிவு பெற்ற ஆய்வு நிறுவனத்துக்குத் தரலாம். இவ்விரண்டும் நமக்கு உவப்பானவை அல்ல. எனவே நம் வினாவை அங்கே, முடிவில் வைத்துக் கேட்பது காலம் கடந்ததாகும். முட்டைகளைக் கருவாக்கும் முன்பே, தாங்கள் வயிற்றில் ஏற்க அணியமாயுள்ள அளவுக்கே ஆக்குங்கள் என்று கூற வேண்டும். முட்டை மட்டும் உறைவதில் இவ்வையம் எழாது. கருவுறாத முட்டையையும் உறையவைக்கும் வசதி இன்று உள்ளது. வாய்ப்புக் குறையும் என்று மருத்துவர் கூறுவர், அது உண்மையே. அந்தக் குறைவே விரதத்தின் விலை. முன்பே ஆக்கிவிட்டோர், மயிலைச் சகோதரியைப் போன்றோர், உடல்நலமும் வயதும் இடந்தரும் வரை ஒவ்வொன்றாக ஏற்க முயலட்டும். இயலாவிடில் அதனை அறிந்து, இருவரும் கூடி முடிவெடுத்து, ஆசாரியரிடம் ஆலோசனை செய்துகொள்ளட்டும். நான்கையும் அவர் ஒருவரே சுமந்தாக வேண்டும் என்று அகிம்சையின் பெயரால் அவரை வருத்துவதும் இம்சையே.

ஊசியும் ஸ்கேனும் பெண்ணின் உடலில்தான் நிகழ்கின்றன. ஆயினும் காலையில் ஆறு மணி மாத்திரையை நினைவூட்டுவதும், லஸ் முனையிலிருந்து ஆட்டோவில் உடன் செல்வதும், பரிசோதனை முடிவு வரும் வரை உறவினர் வினாக்களை வாசலிலேயே நிறுத்துவதும் கணவரும் மாமியாரும் செய்யக்கூடியவை. முடிவு பொய்த்த நாளில் “எல்லாம் உன் வினை” என்று சொல்லும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் உள்ளது. வினைக் கொள்கை தன்னைத் தான் நோக்குதற்கு ஆகமம் தந்த கண்ணாடி. அடுத்தவர் முகத்தில் எறியத் தந்த கல்லன்று. சொல்லுகின்றவர்க்கும் அச்சொல்லால் வினை கட்டுகிறது.

சிகிச்சைக்குச் செல்லவிருப்போர், ஒப்புதல் படிவத்தில் ஒப்பமிடுமுன் மூன்றைக் கேட்டு எழுதி வாங்கிக்கொள்வார்களாக: எத்தனை முட்டைகளைக் கருவாக்குவீர்கள், ஒரு முறைக்கு எத்தனை கருக்களைச் சேர்ப்பீர்கள், கட்டணம் தவறினால் எங்களுக்கு எவ்வாறு அறிவிப்பீர்கள். படிவம் ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டில் இளைஞர் ஒருவரை வைத்து வரிக்கு வரி படித்துப் பொருள் கேட்டபின் கையெழுத்திடுக.