பசிக்கும் ஒரு மஃரிபு வேண்டும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.



நாம் ஆலிமல்லர். மதரசாவில் ஓதியதும், தமிழ்ப்பள்ளியில் ஆறு வகுப்பு படித்ததுமே நம் கல்வி. மற்றதெல்லாம் பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடையின் தராசு கற்றுக் கொடுத்ததுதான். ஆயினும் சங்கத்துப் பெரியவர்கள், "பசியைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள், உங்களுக்குத்தானே அது நன்றாகத் தெரியும்" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்கள். சிரிப்புக்குக் காரணம் நம்முடைய வயிறு. கோபித்துக்கொள்ள நமக்கு நியாயமில்லை.

விஷயம் இதுதான். அரசாங்கக் கிளினிக்கில் நம்மை நிறுத்துப் பார்த்தார்கள்; 92 கிலோ. இனிப்பு நீர் வாசற்படிவரை வந்துவிட்டது என்றார் டாக்டரம்மா. நம் அத்தாவுக்கு அது வாசலைத் தாண்டி உள்ளேயே குடியிருந்தது. முதலில் கால்விரல் போயிற்று, பிறகு பாதம் போயிற்று, 58 வயதில் அவர்களே போய்விட்டார்கள். நம்முடைய கடைசி மகனுக்கு இப்போது வயது ஒன்பது. கணக்குப் போட்டுப் பார்த்த அன்றிரவு உறக்கம் வரவில்லை.

"குறைத்துச் சாப்பிடுங்கள்" என்பது இரண்டே சொல். செய்யப் புகுந்தாலல்லவா தெரிகிறது! சுபுஹு தொழுது கடை திறந்து பத்து மணியானால் பசி. லுஹருக்கு உண்டு எழுந்த கை காயுமுன் மறுபடியும் பசி. அஸருக்குப் பின் எதிர்ச்சாரியில் வடை பொரிக்கும் வாசனை வந்தால் சொல்லவே வேண்டாம். இரவு பதினொரு மணிக்குக் கதவை இழுத்துப் பூட்டும்போது, கண்ணாடிப் புட்டியிலுள்ள முறுக்கு நம்மைப் பெயர் சொல்லி அழைக்கிறது. வாடிக்கையாளர் பாராத நேரமாகப் பார்த்து, நம் கடைச் சரக்கை நாமே திருடித் தின்றிருக்கிறோம். இதை எழுத வெட்கமாயிருக்கிறது; எழுதாவிட்டால் மேலே எழுதப் போவதில் உண்மை இராது.

அதைவிடப் பெரிய வெட்கம் ஒன்றுண்டு. ரமலானில் இந்நாட்டில் பதின்மூன்று மணி நேரத்துக்கு மேல் ஒரு சொட்டுத் தண்ணீருமின்றி மூட்டை தூக்குகிறோம். ஷவ்வால் பிறந்ததும் பத்து மணிக் கறிபாப்பை விட முடியவில்லை. அப்படியானால் நம்முடைய ஈமானுக்கு ஆண்டில் ஒரு மாதந்தானா ஆயுள்? இந்தக் கேள்வியை வெகுநாள் சுமந்தோம். நம்மைப் போல் சுமப்பவர் அநேகர் இருப்பர் என்றே இதை எழுதத் துணிந்தோம்.

அநேகர் என்பது வெறும் வார்த்தையன்று. சுகாதார அமைச்சின் தேசிய ஆய்வில், 1996ல் பெரியவர்கள் 100 பேரில் சுமார் 21 பேர் அளவுக்கு மீறிய எடை கொண்டிருந்தார்கள். 2023ல் அது 54 பேராயிற்று. இனிப்பு நீரோ, 2019 ஆய்வின்படி 100 பெரியவர்களில் 18 பேருக்கு. இந்திய வம்சாவளியினரை மட்டும் தனியே எடுத்தால் 31 பேருக்கு. ஜும்ஆவில் நம்மோடு ஒரு சஃப்பில் நிற்பவர்களை மூன்று மூன்றாக எண்ணிப் பாருங்கள்.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது? வயிற்றை மூட்டை கட்டுவதுபோல் நிரப்புவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்து, ஆகாரத்துக்கும் தண்ணீருக்கும் மூச்சுக்கும் மூன்றில் ஒவ்வொரு பங்கு என்று எல்லை காட்டியதை மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவிக்க, திர்மிதீயில் காண்கிறோம். இது நம்மில் எல்லோரும் பயானில் கேட்டதே. கேட்காத மறுபாதி ஒன்றிருக்கிறது. அதே நாயகம் (ஸல்) அவர்கள் பசியிலிருந்து அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடித் துஆச் செய்திருக்கிறார்கள். அது அபூதாவூதில் இருக்கிறது. அகழ்ப் போரில் பசியால் வயிற்றில் கல்லைக் கட்டிக்கொண்டவர்களுக்கல்லவா பசி இன்னதென்று தெரியும்! குறைஷிகளுக்குப் பசி தீர உணவளித்ததைத் திருமறை அருட்கொடையாகவே எடுத்துக் காட்டுகிறது. ஆகவே குறைவாக உண்ணுதல் சுன்னத்து. பசியால் வாடுதல் சுன்னத்தன்று. இரண்டையும் ஒன்றென நினைத்ததே நாம் செய்த முதற்பிழை.

நம் பாட்டனார் ஜப்பான்காரன் காலத்தை, அதாவது 1942 முதல் 1945 வரையிலான ஆண்டுகளை, இந்த மண்ணில் கழித்தவர்கள். அரிசி காணாமற் போய், மரவள்ளிக் கிழங்கே மூன்று வேளையும் ஆன கதையைச் சொல்லும்போது அவர்கள் குரல் இறங்கிவிடும். அந்தப் பசியைக் கண்டவர்கள், பிள்ளைகளின் தட்டில் இன்னொரு அகப்பை சோறு போடுவதையே பாசம் என்று கற்பித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டோம். ஆனால் அந்த அகப்பை இன்றும் ஓயவில்லை. கிள்ளானில் தங்கை வீட்டுக்குப் போனால், "அண்ணே, இது என்ன கோழி கொத்துற மாதிரி? என் சமையல் பிடிக்கலைன்னு சொல்லிடுங்க" என்பாள். அப்புறம் எங்கே குறைப்பது?

நிற்க. நப்ஸு ஒன்றையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருந்தோம். படித்தவர்களிடம் கேட்டறிந்தபோது சாட்சி வேறாக இருந்தது. 1999ல் ஜப்பானிய விஞ்ஞானிகள், இரைப்பையில் ஊறும் ஒரு சுரப்பைக் கண்டுபிடித்துக் கிரெலின் என்று பெயரிட்டார்கள். அது வழக்கமாக உண்ணும் நேரம் நெருங்கும்போது இரத்தத்தில் ஏறி, உண்டபின் இறங்குகிறது. 2002ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆறு மாதம் உணவைக் குறைத்து எடையில் 17 விழுக்காடு இழந்தவர்களுக்கு அந்தச் சுரப்பு 24 விழுக்காடு கூடியிருந்ததாம். மெலிந்தவனைத் தேகமே பழைய எடைக்கு இழுக்கிறது! அதற்கும் முன்னால், 1944, 1945ம் ஆண்டுகளில் மினசோட்டாப் பல்கலைக் கழகத்தில் ஆரோக்கியமான 36 ஆடவர்களை ஆறு மாதம் அரைவயிற்றில் வைத்துப் பார்த்தார்கள். அவர்களோ எந்நேரமும் சோற்று நினைவாகி, சமையற் புத்தகங்களைச் சேர்த்து வாசிக்கத் தொடங்கினார்கள். யுத்தத்தில் கொல்ல மாட்டோம் என்று மறுத்த மனவுறுதி படைத்தவர்கள் அவர்கள். மனவுறுதி இல்லாமையால் பசிக்கவில்லை என்பது அதனால் விளங்குகிறதன்றோ? முறுக்குப் புட்டியின் முன் நின்ற நமக்கு இது கொஞ்சம் ஆறுதலாயிற்று. ஆனால் ஆறுதல் வேறு, அனுமதி வேறு.

கிள்ளான் மச்சான் கதையையும் சொல்ல வேண்டும். அவர் எதையும் ஒரே வெட்டாக வெட்டுகிறவர். இனிப்பு நீருக்கு மாத்திரை சாப்பிடுகிறார். ஒரு வெள்ளிக்கிழமை பயான் கேட்டு வந்து, "இன்றோடு சோறு ஹராம்" என்றார். ஹலாலை ஹராமாக்க யாருக்கும் அதிகாரமில்லை, மச்சான், என்றோம், கேட்கவில்லை. காலையும் இல்லை, பகலும் இல்லை, மாத்திரை மட்டும் உண்டு. நாலாம் நாள் கல்லாவில் அமர்ந்தபடியே உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டு சாய்ந்துவிட்டார். கடைப் பையன் சீனித் தண்ணீரைப் புகட்டியதால் பிழைத்தார், அல்ஹம்துலில்லாஹ். மாத்திரை உள்ளே போய் ஆகாரம் போகாவிட்டால் சீனி தாறுமாறாக இறங்கிவிடும் என்று டாக்டர் கண்டித்தார். ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள் கிளினிக்கில் கேளாமல் ஒரு வேளையையும் விடலாகாது. நடுக்கமும் வியர்வையுமாக வரும் பசியை ஒரு நிமிடமும் பொறுக்கலாகாது. அந்த இரவே மச்சான் ஒரு சட்டி நெய்ச்சோறு சாப்பிட்டார் என்பது தங்கை சொன்ன செய்தி.

ஒரே வெட்டாக வெட்டாதே என்பதைத் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்திருக்கிறார்கள். ஹிஜ்ரி 505ல், அதாவது 1111ல், மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள், இஹ்யாவில் வயிற்றின் இச்சையை அடக்குவதற்கென்றே ஒரு பாகம் வைத்திருக்கிறார்கள். அதிகம் உண்டு பழகியவன் திடீரெனக் குறைத்தால் தேகம் தாங்காது. படிப்படியாய் இறங்க வேண்டும் என்பது அவர்கள் சொல்லும் வழி. அதற்குக் கணக்கும் தருகிறார்கள். இரண்டு ரொட்டி உண்பவன் ஒரு ரொட்டிக்கு வர விரும்பினால், ஒரு ரொட்டியின் 28ல் ஒரு பங்கை நாள்தோறும் குறைத்து வந்தால், ஒரு மாதத்தில் நோகாமல் வந்துவிடலாமாம். இதை உஸ்தாது வாசித்துக் காட்டியபோது, மகான் என்று மதித்தவர்களை அன்றுதான் நல்ல கடைக்காரராகவும் கண்டோம்!

நாமும் அப்படியே தொடங்கினோம். பகல் சோற்றைக் கடைத் தராசில் வைத்தோம், 560 கிராம். பாதியாக 280க்கு வர வேண்டும். அதை 28ஆல் வகுத்தால் நாளொன்றுக்கு 10 கிராம், ஒரு சிறு கரண்டி. வீட்டில், "என்னங்க, சோறா பொன்னா, இப்படி நிறுக்கிறீங்க?" என்று கேட்டார்கள். பத்துக் கிராம் குறைந்ததை வயிறு அறியவேயில்லை. பதினைந்தாம் நாள்தான் அதற்குச் சந்தேகம் தட்டியது.

சந்தேகம் தட்டிய பிறகு என் செய்வது? இங்கேதான் ரமலான் கேள்விக்கு விடை கிடைத்தது. நோன்பில் பசி இல்லாமலில்லை; அந்தப் பசிக்கு ஒரு மஃரிபு இருக்கிறது. பாங்கு சொன்னால் தீரும் என்று தேகத்துக்கும் தெரியும், மனதுக்கும் தெரியும். குறைத்து உண்பவனின் பசிக்கோ மஃரிபே இல்லை. எப்போது தீரும் என்று தெரியாத பசியைத்தான் மனிதன் தாங்கமாட்டான். நோன்பு திறக்காமல் தொடர்ந்து நோற்கும் விசால் நோன்பை நாயகம் (ஸல்) அவர்கள் உம்மத்துக்குத் தடுத்ததையும், நேரம் வந்ததும் தாமதியாமல் திறக்கச் சொன்னதையும், சஹரை விடாதீர்கள் என்றதையும் இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். ஆகவே நம் பசிக்கும் மஃரிபு வைத்தோம். சுபுஹுக்குப் பின் ஒன்று, லுஹருக்குப் பின் ஒன்று, மஃரிபுக்குப் பின் ஒன்று. மூன்று வேளை, கடிகாரப்படி. ஒரு வாரத்தில் பத்து மணிப் பசி தானாகவே தணிந்தது. அந்தச் சுரப்பும் நேரத்துக்கு வரும் வாடிக்கையாளர்தானே. கடை திறக்காது என்று தெரிந்தால் வேறு நேரம் பார்த்துக்கொள்கிறது.

இடையில் வருவதை இமாமவர்களின் உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். உண்மையான பசிக்கு அடையாளம், குழம்பு தேடாமல் வெறும் ரொட்டியையே விரும்புவது என்கிறார்கள். அஸருக்குப் பின் நம்மை நாமே கேட்டோம்: இப்போது வெறுஞ்சோறு தந்தால் உண்போமா? மாட்டோம், வடைதான் வேண்டும். அப்படியானால் அது பசியன்று, வாசனை. வெறுஞ்சோறும் உண்போம் என்ற நாளும் இரண்டொன்று வந்தது. அன்று அவித்த முட்டை ஒன்று உண்டோம், அதில் குற்றமில்லை.

தட்டில் என்ன இருக்க வேண்டும் என்பதற்கு நீட்டி எழுத வேண்டியதில்லை. சுகாதார அமைச்சு சுக்கு-சுக்கு-செப்பாரோ என்கிறது: கால் தட்டுச் சோறு, கால் தட்டு மீனோ இறைச்சியோ பருப்போ, அரைத் தட்டுக் காய்கனி. கடைக்கு வந்த பெரியவர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ ஐம்பது கிராம் சுக்கு போடு, தம்பி" என்றார்; மலாய்ச் சுக்கு வேறு, நம் சுக்கு வேறு என்று விளங்க வைத்தோம். காயையும் பருப்பையும் முதலில் உண்டு சோற்றுக்குப் பிறகு வந்தால் குறைவான சோறே போதுமானதாகிறது, இது கண்ட அனுபவம். பானம் இன்னொரு வாசல். 2019 ஜூலை 1 முதல் ஆலைப் பானங்களில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சீனியிருந்தால் லிட்டருக்கு 40 காசு வரி போட்டார்கள்; 2025ல் அதை 90 காசாக்கினார்கள். தே தாரேக்குக்கு அந்த வரியில்லை, அதை நாமே விதித்துக்கொள்ள வேண்டும். நாம் இப்போது தே ஓ கொசோங் குடிக்கிறோம். முதல் மூன்று நாள் கஷாயம், பிறகு தேநீர்.

இனி, தோற்ற இடத்தையும் சொல்லிவிடுவோம். பதினேழாம் நாள் ஷா ஆலமில் ஒரு நிக்காஹ். சஹனில் நால்வராய் அமர்ந்தோம். ஒருவர் உணவு இருவருக்குப் போதும் என்ற நபிமொழிக்குச் சஹனைப்போல் விளக்கவுரை வேறில்லை. ஆனால் இக்காலத்துச் சஹனில் நால்வருக்கு எண்மர் சோறு வருகிறது. இறைச்சியை நம் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்கள். தராசு தொலைவில் இருக்கிறது என்று நப்ஸு நினைவூட்டியது. முடிவில் எழுந்து நிற்கக் கையூன்ற வேண்டியதாயிற்று. அன்றிரவு, எல்லாம் போயிற்று, இனி ரமலானில் பார்த்துக்கொள்வோம் என்றுதான் தோன்றியது. மறுநாள் லுஹருக்கு வீட்டில் ஒன்றும் பேசாமல் தராசைத் துடைத்துத் தட்டின் அருகே வைத்திருந்தார்கள். பதினேழாம் நாள் அளவிலிருந்தே, 390 கிராமிலிருந்தே, மறுபடி தொடங்கினோம்.

இதை எழுதும் இன்று 350 கிராம். மச்சானும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு நாளுக்குப் பத்துக் கிராமுக்கு வந்திருக்கிறார், இரவில் டெலிபோனில், "இன்னைக்கு எத்தனை, மச்சான்?" என்று சரக்கு விலை விசாரிப்பதுபோல் விசாரிக்கிறார். எடை இரண்டு கிலோ இறங்கியிருக்கிறது. பெரிதன்று. இப்போது நேரம் மாலை ஆறே முக்கால். பசிக்கிறது. வடைச் சட்டி எதிரே கொதிக்கிறது. மஃரிபுக்கு இன்னும் அரைமணிக்குச் சற்று அதிகம் இருக்கிறது. அதுவரை இரண்டு மூட்டைப் பருப்பைப் பொட்டலம் கட்டிவிடலாம்.

வஸ்ஸலாம்.