வாங்குவதிலும் பாவ புண்ணியம்



பொருள் வாங்குவதிலும் பாவ புண்ணியம் உண்டென்று 16-ம் பெனடிக்ட் பாப்பரசர் 2009-ல் போதித்தார். பிரான்சிஸ் பாப்பரசர் 2015-ல் அதை மீண்டும் நினைப்பூட்டினார்.

திருவிழா அசனத்திற்குக் காய்கறி பாவூர்சத்திரத்திலிருந்து வருகிறது. தென்காசிக்கு அருகில்தானே என்பீர்கள். ஆனால் கடைசி நேரத்தில் கொஞ்சங்கொஞ்சமாய்ச் சொன்னால், வியாபாரி மூன்று தடவை வண்டி அனுப்ப நேரிடும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால், பூமியைச் சூடாக்கும் கரியமிலவாயு ஏறத்தாழ 2.7 கிலோ வெளியாகிறது. குற்றாலத்தில் சாரல் தவறினால் முறையிடும் நாமே அதைப் பெருக்கலாமா?

ஆகையால் வியாபாரியைக் குறைசொல்லாதேயுங்கள். ஒரு வாரம் முந்தியே கணக்குக் கொடுத்து, அக்கம்பக்கத்தில் விளைந்ததை ஒரே வண்டியில் அனுப்பக் கேளுங்கள். பணத்தையும் தாமதியாமல் கொடுங்கள். சர்வேசுரன் படைத்த பூமிக்கும், நம் அயலானுக்கும் நாம் செய்யும் நீதி அதுவே.