அஞ்சாமையும் அயராமையும்



புனே நகரை அடுத்த தேஹு ரோட்டில், 1954-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள், அண்ணல் அம்பேத்கர் புத்த பகவானின் திருவுருவை நிறுவினார். படைக்கலக் கிடங்குகளிலும் தொழிற்சாலைகளிலும் வேலை தேடி வந்த தமிழர் பலர் குடியேறிய பகுதி அது. உழைத்த உடல் முதுமை எய்துங்கால், சிறுநீரகக் கல்லுக்கென்றோ வயிற்று வலிக்கென்றோ ஸ்கேன் எடுக்கச் செல்கிறோம். தேடாத ஒன்று அதிற் புலப்படுகிறது. “கணையத்தில் நீர்க்கட்டி இருக்கிறது, இப்பொழுது வைத்தியம் வேண்டா, ஆறு மாதம் கழித்து வாருங்கள்” என்கிறார் மருத்துவர். இச்சொல்லைக் கேட்ட இல்லறத்தார் எவ்வாறு ஒழுகுதல் வேண்டும் என்பதே இன்று நாம் சிந்திக்கும் பொருள்.

கணையம் இரைப்பையின் பின்னே மறைந்திருப்பது. செரிமான நீரையும் இன்சுலினையும் சுரப்பது. அதில் தோன்றும் கட்டிகளுள் சில முற்றிலும் தீங்கற்றவை. கோழை போன்ற திரவம் சுரக்கும் சில வகைகளோ, பல ஆண்டுகளில் புற்றுநோயாக மாறக் கூடியவை. அவற்றுள்ளும் கணையத்தின் கிளைக்குழாயில் தோன்றும் சிறு கட்டிகளிற் பெரும்பாலானவை அவ்வாறு மாறுவதில்லை. மாறுவது எது, மாறாதது எது என்பதை முதல் நாளிலேயே உறுதியாகக் கூற இயலாது. ஆகவேதான் காத்திருந்து கவனிக்கிறார்கள்.

பகவான் இரண்டு அம்புகளைப் பற்றி அருளியதை அறிவீர்கள். உடலிற் படும் துன்பம் முதல் அம்பு. அதை எண்ணி எண்ணி மனம் தனக்குத்தானே எய்துகொள்வது இரண்டாம் அம்பு. இந்நோயின் விந்தையைப் பாருங்கள்! கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை; முதல் அம்பு இன்னும் தைக்கவேயில்லை. இரண்டாம் அம்போ உறக்கத்தைக் கெடுத்துவிடுகிறது.

அவ்வச்சத்தால் சிலர், “இன்றே அறுத்து எறிந்துவிடுங்கள்” என்பர். கணையத் தலையை நீக்கும் சிகிச்சையில் சிறுகுடலின் முற்பகுதி, பித்தப்பை, பித்தநாளத்தின் ஒரு பகுதி ஆகியவற்றையும் நீக்க நேரும். வேண்டாதபோது ஏற்கத் தக்கதன்று அது. வேறு சிலர், “வலியில்லையே, ஒரு நாட்கூலியை ஏன் இழப்பது?” என்று மருத்துவமனைப் பக்கமே செல்லார். முன்னது பதற்றம், பின்னது மறதி. இரண்டிற்கும் இடையே உள்ளதன்றோ மத்திம மார்க்கம்!

அம்மார்க்கத்திற்கு அளவும் உண்டு. 2024-இல் வெளியான கியோட்டோ நெறிமுறைகளின்படி, ஐயத்திற்குரிய வேறு குறிகள் இல்லாத கிளைக்குழாய்க் கட்டி 2 சென்டிமீட்டருக்குட்பட்டதாயின், 6 மாதத்தில் ஒருமுறையும், பின்னர் 18 மாதத்திற்கு ஒருமுறையும் சோதிக்க வேண்டும். 2 முதல் 3 சென்டிமீட்டர் வரை எனில், 6 மாத இடைவெளியில் இருமுறையும், பின் ஆண்டுதோறும் காண வேண்டும். அதனினும் பெரிதாயின் 6 மாதத்திற்கொருமுறை. கட்டியின் உட்சுவரில் முடிச்சு தோன்றினாலோ, முதன்மைக் குழாய் விரிந்தாலோ, கட்டி விரைந்து வளர்ந்தாலோ, அறுவையைப் பற்றி மருத்துவர் ஆராய்வர். கண் மஞ்சளித்தல், காரணமின்றி உடல் மெலிதல், புதிதாக நீரிழிவு தோன்றல் ஆகியவை காணின், குறித்த நாள் வரும்வரை காத்திராதீர்கள், உடனே செல்லுங்கள்.

பழைய ஸ்கேன் படங்களையும் அறிக்கைகளையும் ஒரு பையிலிட்டுப் பத்திரப்படுத்துங்கள். இன்றைய படத்தை முந்தைய படத்தோடு ஒப்பிட்டாலன்றி வளர்ச்சி விளங்காது. தந்தைக்கு எழுத்தறிவில்லையாயின், அடுத்த நாளை மகனோ மகளோ நாட்காட்டியிற் குறித்து வைக்கட்டும், துணைக்கும் செல்லட்டும். நோயுற்றோர்க்குச் செய்யும் தொண்டு தமக்கே செய்யும் தொண்டு என்று பகவான் கருதினாரல்லவா?

விடுதலும் இவ்வொழுக்கத்தின் ஒரு பகுதியே. ஐந்தாண்டுகள் மாறாதிருந்த சிறு கட்டிக்குச் சோதனையை நிறுத்தலாமா என்று மருத்துவரோடு கலந்து முடிவு செய்யலாம். அறுவையைத் தாங்க இயலாத முதியவரை ஸ்கேனுக்கென அலைக்கழித்தலும் வேண்டா. காத்தற்குக் காலமுண்டு, கைவிடற்கும் காலமுண்டு.

பரிநிர்வாணத் தருவாயில் பகவான் வலியுறுத்தியது அப்பமாதம், அஃதாவது அயராமை. அயராமை வேறு, அஞ்சுதல் வேறு. குறித்த நாளிற் சென்று சோதித்து வருக; எஞ்சிய நாட்களெல்லாம் உழைப்புக்கும் இல்லத்திற்கும் அறத்திற்கும் உரியன. அந்நாட்களை அச்சத்திற்கு அளித்துவிடாதீர்கள்.

ஸாது! ஸாது! ஸாது!