காவலும் கடமையும்

பொது ஒழுங்கு மக்களாட்சிக்கு இன்றியமையாதது. இதை நாம் மறுக்கவில்லை. ஆயின் அது யாரைக் காப்பதற்கு?

2000 அக்டோபர் 25 அன்று, பண்டாரவளையை அடுத்த பிந்துனுவெவ புனர்வாழ்வு முகாமில், அரசின் காவலிலிருந்த தமிழ் இளைஞர் 25க்கும் மேற்பட்டோர் கும்பலொன்றால் கொல்லப்பட்டனர். பொலிசார் அங்கேயே நின்றனர். 2003இல் ஐவருக்கு மரணதண்டனை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில், 2005க்குள், ஐவரும் விடுதலையாயினர்.

1978 அரசியலமைப்பின் 15ஆம் உறுப்புரை, தேசியப் பாதுகாப்பின் பொருட்டுச் சில உரிமைகளை மட்டுப்படுத்த இடமளிக்கிறது. காவலிலுள்ளவன் உயிரைக் கைவிட எந்த உறுப்புரையும் இடமளிக்கவில்லை. ஒருவனது சுதந்திரத்தை எடுத்துக்கொள்ளும் அரசு, அக்கணமே அவன் உயிருக்குக் கடன்படுகிறது.

ஊவாத் தோட்ட லயங்களில் அச்சத்தால் விளையும் மௌனமும் அமைதி போலவே தோன்றும். இரண்டையும் வேறுபடுத்தி அறிய நம் மாணவர்க்குக் கற்பிப்போம்.