மடியில் ஒரு பிரயாணி

ஒரு குழந்தை அழுதால் அதற்காக யார், யாரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? இதுவும் ஒரு கேள்வியா என்று நீங்கள் சிரிக்கலாம். நானும் ஒரு காலத்தில் சிரித்திருப்பேன். கொழும்பிலிருந்து மெல்போர்ன் போகும் விமானத்தில், ஒரு நள்ளிரவில், தூங்குகிறவனைப் போல் கண்களை இறுக மூடிக்கொண்டு நான் கழித்த முக்கால் மணி நேரத்துக்குப் பிறகு, எனக்கு அந்தச் சிரிப்பு வருவதில்லை.

அதைச் சொல்வதற்கு முன் பணக் கணக்கைச் சொல்லியாக வேண்டும். எல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

என் அக்காவின் மகள் மெல்போர்னில் இருக்கிறாள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு கப்பலூருக்கு வந்து பெற்றோருடன் ஒன்றரை மாதம் தங்கினாள். அவள் கணவனுக்கு லீவு கிடைக்கவில்லை. திரும்பும்போது துணைக்கு நான் போவதென்று ஏற்பாடு. எனக்கும் அங்கே ஓர் இலக்கியக் கூட்டம் இருந்தது. எந்தத் தேதியில் புறப்படுவது என்ற பேச்சு வந்தபோதுதான் பையனுடைய வயது ஒரு பிரச்னை ஆயிற்று.

விமானக் கம்பெனிகளின் கணக்கு இது: இரண்டு வயது நிறையாத குழந்தை தாயின் மடியில் பிரயாணம் செய்யலாம். வெளிநாட்டுப் பிரயாணமானால் பெரும்பாலும் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும். இரண்டு வயது நிறைந்துவிட்டால் தனி ஆசனம் வாங்க வேண்டும். அதற்குக் கட்டணம் பெரியவர் கட்டணத்தை நெருங்கிவிடும். போகும்போது மடிக் குழந்தையாக இருந்து, திரும்புவதற்குள் பிறந்த நாள் வந்துவிட்டால், திரும்பும் வழிக்கு ஆசனம் வாங்கித்தான் தீர வேண்டும். எங்கள் பையனுக்கு இரண்டு வயது நிறைய ஒன்பது நாட்கள் இருந்தன.

அத்தானுக்கு ஓர் ஆசை. பேரனுடைய பிறந்த நாளன்று அவனை மீனாட்சி கோயிலுக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும்; வீட்டில் நாலு பேருக்குச் சாப்பாடு போட வேண்டும். நூற்பாலையில் முப்பது வருஷம் உழைத்தவர் அவர். கட்டண விவரத்தைக் கேட்டுவிட்டு, “ரெண்டு வயசுக்கு ஒரு டோல்கேட் போட்டு வச்சிருக்கானா?” என்றார். எங்கள் ஊர்ப் பெயர் பத்திரிகைகளில் அடிபடுவதே அங்கிருக்கும் சுங்கச் சாவடியால்தான். சொந்த ஊருக்குள் போய்வர எதற்குக் கட்டணம் என்று பக்கத்து ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காக வாதாடியிருக்கிறார்கள். எல்லோரும் சிரித்தோம். ஆனால் அந்தத் தொகையைக் கேட்ட பிறகு யாரும் சிரிக்கவில்லை. அவருக்கு வரும் ஓய்வூதியத்தை ஒரு வருஷம் சேர்த்து வைத்தாலும் அது வராது.

அப்போது புத்தி சொன்னவன் நான். “பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்பே புறப்பட்டுவிடலாம். வீண் செலவு எதற்கு?” என்றேன். சேர்ந்தாற்போல் இடம் வேண்டுமானால் அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். அதையும் வேண்டாம் என்றேன். நான் மிச்சம் பிடித்த பணத்துக்கு யார் விலை கொடுக்கப் போகிறார்கள் என்று அப்போது நினைக்கவில்லை.

வயதை வைத்துக் கட்டணம் வாங்குவது புதிய வழக்கம் அல்ல. நான் சிறு பையனாக இருந்தபோது, பஸ் கண்டக்டர் வருவது தெரிந்ததும் அம்மா என்னை முழங்காலை மடக்கி நிற்கச் சொல்வாள். என் வயதிலும் ஒன்றைக் குறைத்துச் சொல்வாள். பொய் சொல்லக் கூடாது என்று எனக்கு அடித்துப் போதித்த அதே அம்மாதான். 2022-ல் தமிழ்நாட்டு அரசு பஸ்களில் ஐந்து வயது வரை டிக்கெட் வேண்டாம் என்று ஆக்கினார்கள். எத்தனையோ தாய்மார்களை அது ஒரு பொய்யிலிருந்து காப்பாற்றியிருக்கும். ஆகாய விமானத்தில் அந்தப் பொய்க்கும் வழியில்லை. பாஸ்போர்ட்டில் தேதி இருக்கிறது.

மடிக்கு விலை குறைவு. மடியில் பாதுகாப்பும் குறைவு. 1989 ஜூலையில் அமெரிக்காவில் ஸூ சிட்டி என்ற ஊரில் ஒரு விமானம் விபத்துக்குள்ளாயிற்று. அதில் மடிக் குழந்தைகள் நான்கு பேர். அவர்களைத் தரையில் வைத்துப் பிடித்துக்கொள்ளும்படி அன்றைய முறைப்படி தாய்மாருக்குச் சொன்னார்கள். ஒரு குழந்தை இறந்துவிட்டது. குழந்தைக்கும் தனி ஆசனம் கட்டாயமாக்க வேண்டும் என்று அதன் பிறகு அங்கே பலர் வாதாடினார்கள். 2005-ல் அந்நாட்டு விமானத் துறை அதை மறுத்தது. அது சொன்ன காரணம் யோசிக்கத் தக்கது: கட்டணம் கூடினால் குடும்பங்கள் விமானத்தை விட்டுக் காரில் போகும், சாலையில் இன்னும் அதிகமான பேர் சாவார்கள். ஏழைத் தகப்பன் கணக்குப் பார்ப்பதைப் போலவே அரசாங்கமும் கணக்குப் பார்க்கிறது.

கப்பலூரிலிருந்து ரிங் ரோடு வழியாக மதுரை விமான நிலையம் போய்ச் சேர்ந்தோம். கொழும்பு வரையில் ஒரு தொந்தரவும் இல்லை. ஒரு மணி நேரப் பிரயாணம். கொழும்பிலிருந்து மெல்போர்ன் பத்தரை மணி நேரம். முன்வரிசைச் சுவரில் குழந்தைகளுக்குத் தொட்டில் மாட்டுவார்கள். அதற்கு எடைக்கும் நீளத்துக்கும் வரம்பு உண்டு. எங்கள் பையன் வரம்பைத் தாண்டிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. கட்டணத்துக்கு அவன் குழந்தை. தொட்டிலுக்கு அவன் குழந்தை இல்லை. இரண்டு வயதுக்கு இரண்டு நாள் குறைந்த ஒரு சண்டியர், நடக்கவும் ஓடவும் கற்றுக்கொண்டவன், தாயின் மடியில் பத்தரை மணி நேரம் அடங்கி உட்கார வேண்டும். நான் இரண்டு வரிசைக்குப் பின்னால், வசதியாக, ஓரத்து ஆசனத்தில் இருந்தேன்.

விமானம் மேலெழும்பியதும் பையன் அழ ஆரம்பித்தான். அதற்குக் காரணம் உண்டு. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஏறக்குறையக் கொடைக்கானலைப் போன்ற மலையில் இருப்பதற்குச் சமம். ஏறும்போதும் இறங்கும்போதும் அது மாறுகிறது, குழந்தையின் காதுக் குழல் குறுகியது, அதனால் வலிக்கிறது. எதையாவது விழுங்கினால் குழல் திறக்கும். அதனால்தான் பால் கொடுக்கச் சொல்கிறார்கள். அழுதாலும் திறக்கும். ஆக, நம்மைத் தொந்தரவு செய்யும் அந்த அழுகைதான் குழந்தை தனக்குத் தானே செய்துகொள்ளும் வைத்தியம்.

பக்கத்து ஆசனத்துக்காரர் என்னிடம், “உங்களுக்கு வேண்டியவர்களா?” என்று கேட்டார். நாங்கள் பேசிக்கொண்டதைப் பார்த்திருப்பார்.

“ஒரே ஊர்” என்றேன்.

அது பொய்யில்லை. உண்மையும் இல்லை.

நள்ளிரவில் விமானம் குலுங்கியது. பெல்ட் போடும் விளக்கு எரிந்தது. நடைபாதையில் உலவிக்கொண்டிருந்த பையனைப் பிடித்து மடியில் கட்டினாள். அவன் முக்கால் மணி நேரம் அழுதான். விளக்கு அணைந்த பிறகும் நிற்கவில்லை. யாரோ இங்கிலீஷில், ஏதாவது செய்யக் கூடாதா என்று கேட்டார். அவள் எழுந்து, முன்னும் பின்னும் திரும்பி, “ஸாரி, ஸாரி” என்று சொன்னாள். ஒரு முறை அவள் கண்கள் என்னைத் தேடி வந்தன. நான் தூங்கிக்கொண்டிருந்தேன், அதாவது, கண்களை மூடிக்கொண்டிருந்தேன். தாய்மையைப் பற்றி எத்தனை பக்கங்கள் எழுதியவன்!

அப்போது பின்னாலிருந்து ஒரு மூதாட்டியின் குரல் கேட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழ். “இஞ்ச தாங்கோ பிள்ளையை. நான் கொஞ்ச நேரம் வச்சிருக்கிறன். நீங்க சாப்பிடுங்கோ.”

எனக்கு உடனே எங்கள் ஊர் டவுன் பஸ் ஞாபகம் வந்தது. திருமங்கலத்திலிருந்து வரும் பஸ்ஸில் இடுப்பில் குழந்தையோடு ஒருத்தி ஏறினால், உட்கார்ந்திருப்பவர்களில் யாராவது ஒருவர், “பிள்ளையக் குடு தாயி” என்று கை நீட்டுவார். முன்பின் அறியாத மடியில் குழந்தை உட்காரும். சில சமயம் தூங்கிவிடும். ரயிலில் இரண்டு படுக்கைகளுக்கு நடுவே சேலையில் தூளி கட்டுவார்கள். எதிரே இருப்பவர் தம் காலை இடித்தாலும் அதை ஆட்டிவிடுவார். அங்கே யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. காரணம், நாம் புண்ணியவான்கள் என்பதல்ல. குழந்தையின் பாரம் அங்கே ஒருத்தியுடையதாக இல்லை, அவ்வளவுதான்.

உலகம் வேறு வழிகளையும் கண்டுபிடித்திருக்கிறது. 2016-ல் நம் நாட்டு இண்டிகோ விமானக் கம்பெனி, சில வரிசைகளில் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு இடமில்லை என்று அறிவித்தது. 2019-ல் ஜப்பான் ஏர்லைன்ஸ், சிறு குழந்தைகள் எந்த ஆசனங்களில் இருக்கிறார்கள் என்பதை முன்கூட்டியே படத்தில் காட்ட ஆரம்பித்தது. அதே வருஷம் சியோலிலிருந்து சான் பிரான்சிஸ்கோ போன ஒரு தாய், நாலு மாதக் குழந்தைக்காகச் சக பிரயாணிகளுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட சிறு பைகளைக் கொடுத்தாளாம். ஒவ்வொன்றிலும் மிட்டாய், காதடைப்பான், ஒரு மன்னிப்புக் கடிதம். பலர் அவளைப் பாராட்டினார்கள். எனக்குப் பாராட்டத் தோன்றவில்லை, பரிதாபமாக இருந்தது. இன்னும் அழாத அழுகைக்கு அவள் முன்கூட்டியே அபராதம் கட்டியிருக்கிறாள்.

மறுபக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும். விமானத்தில் இருக்கிறவர்கள் எல்லோரும் உல்லாசப் பிரயாணிகள் அல்ல. தகப்பனின் சாவுக்குப் போகிறவன் இருப்பான். விடிந்ததும் வேலைக்கு ஓட வேண்டியவள் இருப்பாள். அவர்களுக்கும் தூக்கம் வேண்டும். குழந்தை முன் ஆசனத்தை உதைக்கும்போது தாய் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் அதைத் தப்பென்றுதான் சொல்வேன். பெற்றவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது: பால், மாற்றுத் துணி, விளையாட்டுச் சாமான் எல்லாம் எடுத்துக்கொண்டு, தம்மால் ஆன முயற்சியைச் செய்வது. அந்த முயற்சி பலிக்க வேண்டும் என்று மட்டும் யாரும் கேட்க முடியாது. டிக்கெட் வாங்கியவனுக்கு ஆசனம் சொந்தம், நிசப்தம் சொந்தமல்ல. அவன் தூங்குவதற்காக முன்பு எத்தனையோ பேர் தூக்கம் கெட்டிருக்கிறார்கள். அந்தக் கடனை அவர்களுக்கே திருப்பிக் கொடுக்க முடியாது. அடுத்து வரும் குழந்தையிடம்தான் கொடுக்க முடியும்.

கை நீட்டுவதும் இன்று எளிதல்ல. அந்நியனிடம் குழந்தையைக் கொடுக்கத் தாய் அஞ்சுகிறாள். அவள் அஞ்சுவது நியாயம். ஆனால் நான் அந்நியன் அல்லவே! குழந்தை அழும்போது எல்லாக் கண்களும் தாயை நோக்கியே போகின்றன. தகப்பன் எங்கே, மாமன் எங்கே என்று யாரும் தேடுவதில்லை. அந்தச் சலுகையில்தான் நான் ஒளிந்துகொண்டேன்.

மெல்போர்னில் இறங்கும்போது பையன் அந்த மூதாட்டியின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். வாங்கிக்கொள்ள நான் கை நீட்டினேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, “நீங்கள் ஆர்?” என்று கேட்டார்.

“பிள்ளைக்குத் தாத்தா முறை. தாயின் மாமன்” என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் அக்கா மகள் மட்டும், “மாமாவுக்கு நல்ல தூக்கம்” என்றாள். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் அன்றிரவு எத்தனையோ பேரிடம் மன்னிப்புக் கேட்டாள். கேட்க வேண்டியவன் அங்கே ஒருவன்தான் இருந்தான். அவன் கேட்கவில்லை, இப்போது கேட்கிறான்.